நீல மூடி போட்ட எண்ணூர் மண்

சிவந்திக்குத் தண்ணீரில் நின்றபடியே கனவு காண வரும். காத்திவாக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கிற வேலை அப்படிப்பட்டது. பனையோலையில் முடைந்த பறி என்கிற சின்னக் கூடையைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். மார்பளவு தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும். விரலில் துள்ளுவதைப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். வாயில் பறி இருக்கும்வரை ஒரு வார்த்தை பேச முடியாது. ஊர்வம்பு பேசாமல் இருப்புக் கொள்ளாத பெண்களுக்கு இது தண்டனை. சிவந்திக்கு வரப்பிரசாதம். காலை வெயில் தண்ணீரில் மினுங்கும். அக்கரை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தலைகீழாக நெளியும். அவள் கண் திறந்திருக்கும், ஆள் அங்கே இருக்கமாட்டாள்.

"உன் பொண்டாட்டி தண்ணியில கீறாளா, தூக்கத்துல கீறாளா?" என்று அவள் புருஷன் கோதண்டத்தைச் சீண்டுவார்கள்.

"பறி ரொம்புதா இல்லியா, அத்தப் பாரு" என்பான் அவன். அந்த வாய்க்கு அதற்குமேல் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

சிவந்தி பிறந்தது முகத்துவாரக்குப்பம், வாக்கப்பட்டது காத்திவாக்கம். நடுவில் கொஞ்ச தூரம்தான். அதைத் தாண்டி அவள் போனதெல்லாம் காசிமேட்டு ஏலக்கூடம் வரைக்கும், மகளைக் கட்டிக்கொடுத்த கொருக்குப்பேட்டை வரைக்கும். ஆனால் மனசு எங்கெங்கோ போய்வரும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களைப் பார்த்தால், இந்தக் கப்பல் முந்தாநாள் எந்தத் தண்ணீரில் நின்றதோ, அங்கேயும் எவளாவது இப்படிக் குனிந்து தடவிக்கொண்டிருப்பாளோ என்று ஆரம்பித்துவிடும். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எறா வாங்க வருகிறவன்கூடச் சிரிப்பான்.

அப்படிப்பட்டவளைத் தேடித்தான் சாண்ட்ரா வந்தாள். ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மகள் கழிமுகத்துச் சேற்றை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிப் பல்கலைக்கழகத்தில் வேலையில் இருந்தாள். அவளும் இன்னும் ஆறு நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து ஒரு பெரிய காரியத்தில் இறங்கியிருந்தார்கள். நதி கடலில் கலக்கிற ஏழு இடங்கள். ஒவ்வொரு அமாவாசைக்கும், தண்ணீர் வடிந்திருக்கும் நேரமாகப் பார்த்து, அதே இடத்தில் அதே ஆழத்தில் ஒரு குழாய் மண் எடுக்க வேண்டும். ஏழு குழாயும் நெதர்லாந்தில் ஒரு சோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேரும். மண்ணில் என்ன கலந்திருக்கிறது, என்ன உயிர் பிழைத்திருக்கிறது, ஆறு எப்படி மாறிக்கொண்டு வருகிறது என்று அங்கே பார்ப்பார்கள். ஓரிரு வருடத்து வேலை இல்லை. ஒரு தலைமுறைக்கு நடக்க வேண்டும்.

"எதுக்கும்மா அம்மாங்காலம்?" என்று கேட்டாள் சிவந்தி.

"மண்ணு மெதுவாத்தான் பேசும்க்கா. ஒரு வருஷம் கேட்டா ஒண்ணும் புரியாது. இத்த ஆரம்பிச்ச ஹென்றிக்னு ஒருத்தரு, அவரே சொல்றாரு, முடியறப்போ நான் இருக்கமாட்டேன்னு."

சிவந்திக்கு அந்த ஹென்றிக்கை அங்கேயே பிடித்துப்போயிற்று. தான் பார்க்கப் போகாத ஒன்றுக்காக ஒரு மனுஷன் விதைக்கிறான் என்றால் அவனும் தன்னைப் போல நின்றுகொண்டே கனவு காண்கிறவன்தான் என்று முடிவுகட்டிவிட்டாள். சரி என்றாள்.

அன்றிலிருந்து அமாவாசை அவளுக்குத் திருவிழா. சேற்றில் தோள்வரை கையை விட்டு, குழாயைச் செருகி, மண்ணோடு உருவி, மூடி போடுவாள். எண்ணூருக்கு மஞ்சள் மூடி. பிரேசிலுக்குப் பச்சை, வியட்நாமுக்குச் சிவப்பு, மொசாம்பிக்குக்கு நீலம். யாருக்காவது உடைந்தால் உதவட்டும் என்று முதல் பெட்டியிலேயே எல்லா நிறத்திலும் உதிரி மூடிகள் வந்திருந்தன. குழாயைக் கையில் பிடித்து ஒரு போட்டோ எடுத்து எல்லோருக்கும் பொதுவான வாட்ஸாப் குழுவில் போட வேண்டும். மற்ற ஆறு இடத்துக் கைகளும் அதே நாளில் வந்துவிடும். முகம் வராது. கையும் குழாயும் மட்டும்தான்.

அந்தக் கைகளில் ஒன்று சிவந்தியைப் பிடித்துக்கொண்டது. கறுத்த, விரல் நுனி வெளுத்து ஊறிய கை. நகத்துக்குள் சேறு. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிற கை எப்படி இருக்கும் என்று சிவந்திக்குச் சொல்ல வேண்டுமா?

"அவங்க செலஸ்தே. மொசாம்பிக். அங்க ஆத்துல மட்டிச் சிப்பி பொறுக்கறவங்க" என்றாள் சாண்ட்ரா.

அதற்குப் பிறகு சிவந்தியின் கனவில் ஆள் வந்துவிட்டது. குழாயோடு சேற்றில் கையை இறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். மேலேதான் வெயிலும் கப்பலும் நாடும் எல்லையும். கீழே போகப் போக வெதுவெதுப்பு போய்க் குளிர்ச்சி வரும், குளிர்ச்சிக்குக் கீழே இருட்டு வரும், அந்த இருட்டு ஒரே இருட்டு, அதற்கு இந்த ஊர் அந்த ஊர் என்று இல்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து நீண்டு வருகிற ஊறிய விரல் தட்டுப்பட்டுவிடும் என்று இருக்கும். இன்னாடி செலஸ்தே, துன்னியா என்று மனசுக்குள் கேட்பாள். வாயில் பறி இருப்பதால் யாருக்கும் கேட்காது. இதற்குப் பெயர் பைத்தியம் என்றால் அப்படியே இருக்கட்டும். அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த நல்ல நேரம் அது.

வேலை முடிந்ததும் சாண்ட்ரா அவள் வீட்டிலேயே இறால் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். இப்படியே வருடங்கள் போயின.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கழிமுகத்தில் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தொடர்ந்து முறையைக் காலியாக விட்டால் அந்த வீட்டுப் பெயரே பாடு வரிசையிலிருந்து போய்விடும். அதனால் ஒரு வீட்டில் சாவோ காய்ச்சலோ பிரசவமோ என்றால், பக்கத்து வீட்டுக்காரன் போய் அவர்கள் பெயரில் வலை கட்டி, கிடைத்ததை அவர்கள் வாசலில் கொட்டிவிட்டு வருவான். கேட்கவும் மாட்டான், சொல்லவும் மாட்டான். சிவந்திக்கு மகள் பிறந்தபோது கோதண்டத்தின் முறைகள் அப்படித்தான் காப்பாற்றப்பட்டன.

ஒரு அமாவாசையில் நீல மூடிக் கை வரவில்லை.

சிவந்தி போனை வைத்துவிட்டு வைத்துவிட்டு எடுத்தாள். மறுநாளும் வரவில்லை. சாண்ட்ரா அப்போது பிரசவ விடுப்பில் ராயபுரத்தில் இருந்தாள். மண் பெட்டியை ஒரு கூரியர் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். சிவந்தி அவளுக்கே போன் போட்டாள்.

"புயல்க்கா. செலஸ்தே ஊர்ப்பக்கம் எல்லாம் தண்ணி. யார் எங்க கீறாங்கன்னு அவங்க விஞ்ஞானிக்கே தெரியலே."

"கடவுளே. அப்போ அவங்க கொழாயி?"

"வரலேன்னா என்னா செய்யறது? தொடர்ந்து அரை வருஷம் வரலேன்னா அந்த இடத்தைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க. அதான் ரூல்" என்றாள் சாண்ட்ரா. பக்கத்தில் குழந்தை வீறிட்டது. போன் போய்விட்டது.

புயல் என்றால் என்ன என்று எண்ணூர்க்காரிக்குத் தெரியும். எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுக்குள் வந்து சுவரில் கோடு போட்டுவிட்டுப் போனதைப் பார்த்தவள் அவள். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ. இருந்தால், எல்லாம் போய் நிற்கிறவளுக்கு முறையும் போய்விடும்.

அடுத்த அமாவாசையில் அவள் இரண்டு குழாய் எடுத்தாள். ஒன்றுக்கு மஞ்சள் மூடி. இன்னொன்றுக்கு நீல மூடி.

"இன்னாமே, ரெண்டு கீது?" என்றான் கோதண்டம்.

"ஒண்ணு நம்மது. ஒண்ணு செலஸ்தேது. அவ வூட்ல கஷ்டம்."

"ஓ" என்றான் கோதண்டம். பாடு முறையில் வளர்ந்தவனுக்கு இதில் கேட்க வேறு என்ன இருக்கிறது? பெட்டியை அவனே கட்டி வண்டியில் ஏற்றினான்.

அதற்கடுத்த அமாவாசைக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். சிவந்திக்குச் சொல்ல முடியாத நிம்மதி. நெதர்லாந்தில் பெட்டியைப் பிரித்தவர்கள் மூடியின் நிறத்தைப் பார்த்து அதனதன் இடத்தில் வைத்தார்கள். எந்தப் பெட்டியிலிருந்து எந்த மூடி வந்தது என்றோ, அதற்குப் போட்டோ வந்ததா என்றோ யாரும் கவனிக்கவில்லை. உலகத்தில் எங்கே போனாலும் பெட்டி பிரிக்கிற வேலை அவசர வேலைதான்.

வெயில் தணிந்து ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் சாண்ட்ரா வந்தாள். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, ஆட்டோவில், முகம் வெளிறி.

"அக்கா, மொசாம்பிக்லேர்ந்து மண்ணு வந்துகினு கீதுன்றாங்க. ஆனா அங்க யாரும் ஆத்துல எறங்கவே இல்லையாம். அந்த மண்ணோட கணக்கைப் பார்த்தேன். நம்ம மண்ணும் அதுவும் ரெட்டைப்புள்ளை மாதிரி கீது."

"நம்ம மண்ணுதாம்மா அது" என்றாள் சிவந்தி. பெருமையாகத்தான் சொன்னாள். "செலஸ்தே முறை காலியா போவக் கூடாதுன்னு நான்தான் போட்டேன்."

சாண்ட்ரா அப்படியே மீன் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம். பிறகு மெதுவாகச் சொன்னாள். நீல மூடி மண்ணில் சாம்பலும் பாதரசமும் காரீயமும் இருப்பதைப் பார்த்து ஹென்றிக் பதறிப்போய்விட்டார். புயலில் ஏதோ சுரங்கக் கழிவு உடைந்து ஆற்றில் கலந்துவிட்டது என்று நினைத்து அன்றைக்கே அந்த நாட்டு அதிகாரிகளுக்கு எழுதினார். அவர்கள் கூடாரம் கூடாரமாகப் போய், மட்டி, இறால் எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"புயல்ல எல்லாம் பூட்ச்சுக்கா. அவங்களுக்கு மிச்சம் இருந்தது அந்த மட்டி மட்டும்தான்."

சிவந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "செலஸ்தே?"

"உயிரோட கீறாங்க. மேட்டுல ஒரு கூடாரத்துல."

சந்தோஷமும் குற்ற உணர்ச்சியும் ஒரே நேரத்தில் வந்தால் ஒரு மனுஷி என்ன செய்வாள்? சிவந்தி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பட்டினியில் கிடந்தவளின் வாயிலிருந்து சோற்றைத் தட்டிவிட்டோமே என்று அழுதாள்.

"இன்னொண்ணும் கீதுக்கா" என்றாள் சாண்ட்ரா. "நம்பிக்கை போச்சுன்னா இந்த வேலையில எல்லாம் போச்சு. எண்ணூரையே எடுத்துடலாம்னு பேச்சு வருது. ஞாயித்துக்கெழமை எல்லா நாட்டுக்காரங்களும் வீடியோவுல பேசறாங்க. நீங்களும் வரணும்."

ஞாயிறு வரை சிவந்தி இறாலுக்குப் போகவில்லை. அந்தச் சேற்றுக்குள் இனி அமாவாசைக்கு அமாவாசை கையை இறக்க முடியாது என்றால், மிச்ச வாழ்க்கை வெறும் இறால் பிடிப்பதுதான். அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலேயே மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மடிக்கணினியை வைத்தாள் சாண்ட்ரா. விருந்தாளி வந்திருக்கிறார்களே என்று கோதண்டம் அடுப்பைக் கவனிக்கப் போனான். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். வெள்ளைத் தலையோடு ஹென்றிக். கோபமாக இருப்பார் என்று பார்த்தால், களைத்த வாத்தியார் மாதிரி இருந்தார். அவர் பேசப் பேச சாண்ட்ரா தமிழில் சொன்னாள்.

"வராத மாசத்துக்கும் ஒரு அர்த்தம் உண்டாம்க்கா. அங்க ஆளே போக முடியலேன்றதும் அந்த ஆறு சொல்ற சேதிதானாம். அத்த ரொப்பிட்டா, பின்னால வர்றவங்களுக்குப் புயல் வந்ததே தெரியாம பூடுமாம். அவங்க எடத்தைப் புயல்னால எடுக்கவும் மாட்டாங்களாம். நீங்க அதுக்குக் கவலைப்பட்டிருக்கவே வேணாம்ன்றாரு."

சிவந்திக்கு அது புரிந்தது. வெறுமையாய் விட்டுவைப்பதும் ஒரு மரியாதைதான் என்று முதல் முறையாகப் பட்டது. தலையாட்டினாள்.

எண்ணூரை வைப்பதா எடுப்பதா என்பதை, பாதிக்கப்பட்டவர்களே சொல்லட்டும் என்றார் ஹென்றிக். ஒரு கட்டம் பெரிதாயிற்று. அதில் ஒரு பெண்.

சிவந்தி மனசில் வைத்திருந்தது தன்னைவிடப் பெரிய, சிரிப்பாணி பொங்கும் ஒருத்தியை. திரையில் இருந்தவள் ஒல்லி. கன்னம் ஒட்டி, தலையில் துணி கட்டி, இடுப்பில் ஒரு குழந்தை. அவள் போர்த்துகீசியத்தில் பேச, பக்கத்தில் இருந்த அவள் நாட்டு விஞ்ஞானி ஆங்கிலத்தில் சொல்ல, சாண்ட்ரா தமிழாக்கினாள். ஒவ்வொரு பேச்சும் மூன்று வாய் மாறி வந்து சேர்ந்தது.

"ஆத்துல மட்டி கண்ணெதிர கெடந்துச்சாம். புள்ளைங்க கேட்டு அழுதாங்களாம். தொடக் கூடாதுன்னுட்டாங்களாம்."

சிவந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். "தப்பாப் பூட்ச்சும்மா. உன் முறை போயிடக் கூடாதுன்னுதான் செஞ்சேன். உன் வயித்துல அடிப்பேன்னு தெரியாது. என்னை மன்னிச்சுடு."

அது மூன்று வாய் மாறிப் போனது. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு செலஸ்தே பேசினாள்.

"இவங்களை எடுக்காதீங்கன்றாங்க" என்றாள் சாண்ட்ரா. "தண்ணி வந்தப்போ எங்களை நெனச்சவங்க ரொம்பக் கம்மி. இவங்க ஒருத்தங்க நெனச்சிருக்காங்க. தப்பா நெனச்சாலும் நெனச்சிருக்காங்க. அவங்க எடம் இருக்கட்டும்."

ஹென்றிக் தலையசைத்தார். மற்ற கட்டங்களில் கை தட்டினார்கள். சிவந்திக்குக் கண் மறைத்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இடம் போகவில்லை. வருகிற அமாவாசைக்குச் சேற்றில் கையை இறக்கலாம்.

எல்லோரும் விடைபெறப் போகும்போது செலஸ்தே கையைத் தூக்கினாள். இன்னும் ஒன்று கேட்க வேண்டுமாம். கேட்டாள். அவள் நாட்டு விஞ்ஞானி அதை ஆங்கிலத்தில் சொன்னார். சாண்ட்ரா கேட்டுக்கொண்டாள். தமிழில் சொல்லவில்லை.

"இன்னாம்மா கேக்கறாங்க?" என்றாள் சிவந்தி.

சாண்ட்ரா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, படிப்பது மாதிரி, மெதுவாகச் சொன்னாள். "அந்த மண்ணு உண்மையில எண்ணூரு மண்ணுதானே. மொசாம்பிக் பேருல அது வந்ததும் ஒரு வாரத்துல கூடாரத்துக்கு ஆள் வந்து, சாப்புடாதீங்கன்னு சொன்னாங்க. எண்ணூரு பேருல அது வருஷக்கணக்கா வந்துகினு கீது. எண்ணூரு சனங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு கேக்கறாங்க."

ஹென்றிக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்க மண்ணு எப்பவும் அப்டித்தானே" என்று சிவந்தி சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கே என்னவோ மாதிரி இருந்தது. சாண்ட்ராவைப் பார்த்தாள். இந்தப் பெண் மாசா மாசம் இதே வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். வயிற்றில் பிள்ளை இருந்தபோது மட்டும், குமட்டுது அக்கா, வெறும் ரசம் போதும் என்றாள். ஒரு தடவை இல்லை, அந்த மாதங்கள் முழுக்க. குமட்டுகிற முகம் எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அது அந்த முகம் இல்லை என்று அப்போது ஏனோ தோன்றவில்லை.

சாண்ட்ரா தலையைக் குனிந்துகொண்டாள். எண்ணூர் மண்ணில் பாதரசம் இருப்பதைக் கட்டுரையில் எழுதியிருக்கிறாள். அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறாள். அதைப் பெரியவர்கள் யாரும் புதுச் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. அதையே பிடித்துப் பிழைக்கிறவளின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் இத்தனை வருடமும் வாய் வரவில்லை. சொன்னால், வேறெதைச் சாப்பிட என்று கேட்பார்களே. சொல்லாமல் தான் மட்டும் தள்ளிவைக்கவும் மனசு வராமல் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"யாரும் சொல்லலேன்னு சொல்லும்மா" என்றாள் சிவந்தி. அவள் குரலில் குற்றம் சாட்டுகிற சத்தமே இல்லை. அதுதான் சாண்ட்ராவால் தாங்க முடியாததாக இருந்தது.

சாண்ட்ரா சொன்னாள். அது இரண்டு வாய் மாறிப் போயிற்று. செலஸ்தே திரைக்குக் கிட்டத்தில் வந்தாள். சின்னதாக ஏதோ சொன்னாள். சாண்ட்ராவின் கண்ணிலிருந்து பொட்டென்று நீர் விழுந்தது.

"அக்கா. சாப்புடாதீங்க."

"யாரு சொல்றாங்க, செலஸ்தேவா?"

"நானும்தான்க்கா."

சிவந்தி திரும்பிப் பார்த்தாள். அடுப்பங்கரையில் கோதண்டம் எல்லோருக்கும் தட்டு வைத்து, சோறு போட்டு, இறால் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தான்.